மியூட் போட்ட வரிசை

மார்ச் 3, செவ்வாய்

பாப்பாவுக்கு ஷூ வாங்க வேண்டும். இருப்பது விரலைக் கடிக்கிறதாம். கால் இப்படி வளர்ந்துகொண்டே போனால் நான் என்ன செய்வது என்று திட்டினேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. கால் வளர்வதற்கெல்லாமா திட்டுவார்கள்.

வேலையில் கிராஃப் பொண்ணு வந்துவிட்டாள். எங்கள் ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. வெளியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் ஸ்கேன் படங்களை வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பதுதான் எங்கள் கம்பெனியின் வேலை. ஒரே பெரிய மெஷின் கிடையாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹால் முழுக்க வரிசை வரிசையாக மெஷின்கள். எல்லாம் சேர்ந்து ஒரே பீரோ மாதிரி. ஒரு படத்தை ஒரே டிஸ்க்கில் வைக்க மாட்டார்கள், மூன்று டிஸ்க்கில் காப்பி இருக்கும். படம் திறக்க நேரமாகிறது என்று டாக்டர்கள் புகார் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எந்த மெஷின் மெதுவாக ஓடுகிறது, எப்போது ஓடுகிறது என்று கோடு போட்டுக் காட்ட ஒன்றை அமைக்க வந்திருக்கிறாள். ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் நாடி பார்க்க ஒரு ஆளை உட்கார வைப்பது மாதிரி என்று சொன்னாள். எனக்குப் புரிந்தது.

என் வேலை திரையைப் பார்ப்பது. பச்சை என்றால் சும்மா இருக்கலாம். மஞ்சள் என்றால் கண் வைத்துக்கொள்ள வேண்டும். சிவப்பு என்றால் மணி அடிக்கும், போன் எடுத்துச் சொல்ல வேண்டும். எட்டாவது வரை படித்தால் போதும் என்று மேனேஜர் சொன்னார். வீட்டுக்காரர் போனதால் கிடைத்த வேலை. யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் அதுதான்.

அவர் இங்கே டிஸ்க் மாற்றுகிற வேலையில் இருந்தார். டிசம்பரில் ஒரு நாள் மெஷின்களுக்கு நடுவிலேயே நெஞ்சு வலி வந்து விழுந்தார். விழுந்ததும் பார்த்துவிட்டோம் அண்ணி, ஒரு நிமிஷம் வீணாக்கவில்லை, வழியிலேயே போய்விட்டார் என்று கொழுந்தன் சொன்னார். அவரும் இங்கேதான். இதே அறையில் வேறு ஷிப்ட்டில் திரை பார்க்கிறார்.

விழுந்ததும் பார்த்துவிட்டோம். அந்த ஒரு வார்த்தையைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

மார்ச் 4, புதன்

புது மணியைச் சோதித்துப் பார்க்கிறார்கள். நாள் முழுக்க அடித்தது. வீட்டுக்கு வந்து பாத்திரம் உருண்டாலும் எழுந்து நிற்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

கிராஃப் பொண்ணு பழைய மணிப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் இருக்கிற மியூட் பட்டனில் எழுத்தே இல்லை. தேய்ந்து வழுக்கை விழுந்திருக்கிறது.

"என்னக்கா, இத அமுக்கி அமுக்கியே மெலிஞ்சிட்டீங்களா?" என்றாள்.

"நான் புதுசும்மா. எனக்கு முன்னாடி இருந்தவங்க புண்ணியம்" என்றேன்.

பழைய அலாரம் எல்லாத்துக்கும் கத்துமாம். கொஞ்சம் சூடானாலும் கத்தும், கொஞ்சம் மெதுவானாலும் கத்தும். ஓயாமல் கத்துகிறதை மனுஷன் எத்தனை நாள் கேட்பான், வாயை அடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பான் என்றாள். அதனால் எந்த அளவு மெதுவானால் மணி அடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போடுகிறாள். உண்மையான வலிக்கு மட்டும் கத்த வேண்டுமாம்.

டிஸ்க் மாற்ற ஆள் உள்ளே போகும்போதும் மியூட் போடுவார்கள். டிஸ்க்கைக் கழற்றினால் அந்த வரிசை சிவப்பாகி மணி அடிக்குமே, அதற்காக. ஆள் வேலை முடித்துத் திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டினால் எடுத்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் சொல்லுவார், "நான் உள்ள போனா என் வரிசைக்கு வாயைக் கட்டிருவாங்க" என்று. அப்போது அது ஏதோ அலுவலகத்து வேடிக்கை என்று விட்டுவிட்டேன். இப்போது எல்லாம் கண்ணால் பார்க்கிறேன். அவர் இருந்தபோது கேட்காததை எல்லாம் இப்போது சம்பளம் வாங்கிக்கொண்டு தெரிந்துகொள்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

கொழுந்தன் வந்து குழாயைச் சரி செய்தார். வாஷர் போயிருந்ததாம். பாப்பா கூடவே நின்று வம்பிழுத்தாள்.

"சித்தப்பா, நீங்க ரிப்பேர் பண்ணதுக்கு அப்புறம்தான் அதிகமா சொட்டுது."

"அது ஆனந்தக் கண்ணீர்டி. ஒரு நல்ல மெக்கானிக் கையப் பாத்துட்டுது."

சாப்பிட்டுப் போங்கள் என்றேன். வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அண்ணன் போனதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. வருவார், எல்லாம் செய்வார், வாசலோடு போய்விடுவார். அண்ணன் உட்கார்ந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை போல. எனக்கு மட்டும் முடிகிறதா என்ன.

மார்ச் 10, செவ்வாய்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

பழைய மெஷின் தன்பாட்டுக்குச் சேர்த்து வைத்திருந்த விவரம் எல்லாவற்றையும் கிராஃப் பொண்ணு புதியதில் கொட்டியிருக்கிறாள். எது சாதாரணம் என்று தெரிந்தால்தான் எது கெட்டது என்று சொல்ல முடியுமாம். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினாள். நல்ல பெண். எதையும் காட்டிக்கொண்டே பேசுவாள்.

"இங்க பாருங்கக்கா, இதெல்லாம் டிஸ்க் மாத்துனது. கோடு பல்லு விழுந்த மாதிரி சின்னதா இறங்கும், உடனே ஏறிடும். எல்லாம் அப்படித்தான் இருக்கு. இத மட்டும் பாருங்க. எவ்ளோ பெரிய பள்ளம். காலையில கழட்டிருக்காங்க, சாயங்காலம்தான் மாட்டிருக்காங்க. டீ குடிக்கப் போன ஆளு டீத் தோட்டத்துக்கே போயிட்டார் போல."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு கோட்டுக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்தேன். டிசம்பர் பதினொன்று. மேலே ஏழாம் வரிசை என்று போட்டிருந்தது.

காலையிலிருந்து சாயங்காலம் வரை.

பாத்ரூம் போகிறேன் என்று எழுந்தேன். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. யாரோ கதவைத் தட்டி "உள்ள ஆளிருக்கா" என்றார்கள். இருக்கேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

நான் அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரிச்சேன். சிரிச்சுட்டேனே.

மார்ச் 11, புதன்

காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. காய்ச்சல் இல்லை.

மார்ச் 12, வியாழன்

மெஷின் தப்பாக எழுதியிருக்கலாம் அல்லவா. கடிகாரம் தப்பாக ஓடியிருக்கலாம். வேறு யாராவது வேறு டிஸ்க்கைக் கழற்றியிருக்கலாம். இப்படியே ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு போய் அவளிடம் கேட்டேன். கடிகாரம் எல்லா மெஷினிலும் ஒன்றுதான் அக்கா, தப்பாக ஓட வழியில்லை, ஏன் கேட்கிறீர்கள் என்றாள்.

"அன்னைக்கு டிஸ்க் மாத்தப் போனது என் வீட்டுக்காரரும்மா. அன்னைக்குத்தான் அவர் போனார்."

அவள் கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"நான் டீத் தோட்டம்னு..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. எனக்கு அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது. உனக்கு எப்படிம்மா தெரியும் என்றேன். என் அழுகை எங்கே போனது என்றே தெரியவில்லை. அவள்தான் அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று சொன்னாள். திங்கட்கிழமை பழையதை எல்லாம் அழிக்கச் சொல்லி மேனேஜர் உத்தரவாம். புது மானிட்டரிங் புதுசாகவே ஆரம்பிக்கட்டும், பழைய குப்பை வேண்டாம் என்றாராம். அப்போது இந்தப் பள்ளமும் போய்விடும்.

போனால் போகட்டும் என்று ஒரு மனசு. போய்விட்டால் நான் யாரிடம் கேட்பேன் என்று இன்னொரு மனசு. கேட்க வேண்டிய ஆள் ஒருத்தர் இருக்கிறார். அன்று இந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்.

மார்ச் 13, வெள்ளி

பாப்பா பள்ளிக்கூடம் போன பிறகு கொழுந்தனை வரச் சொன்னேன். காய்கறிப் பையோடு வந்தார். பையை வாங்கிக்கொள்ளாமலே கேட்டேன்.

"தம்பி, அன்னைக்கு அவரை எப்போ பாத்தீங்க?"

"அதான் சொன்னேனே அண்ணி. விழுந்ததும்..."

"ஏழாம் வரிசைல காலைல கழட்டின டிஸ்க் சாயங்காலம்தான் உள்ள போயிருக்கு. கோடு போட்டுக் காட்டுது. நான் பாத்தேன்."

பையைக் கீழே வைத்தார். தக்காளி ஒன்று உருண்டு கதவு வரை போனது. அதை எடுக்கப் போனவர் அங்கேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"நான்தான் மியூட் போட்டேன். அண்ணன் உள்ள போறப்போ போட்டது. அவர் போனா நேரமாகும், பக்கத்துல இருக்கறதெல்லாம் தொடச்சு, ஸ்க்ரூ பாத்துட்டுத்தான் வருவார். அதனால நான் தேடல. அன்னைக்கு டாக்டருங்க விடாம போன். படம் திறக்கல, படம் திறக்கல, ஏன் இப்படி ஆமை மாதிரி ஓடுதுன்னு. எனக்குத் திரையில ஒண்ணுமே தெரியல. எல்லாம் பச்சை. ஏழாம் வரிசைதான் அண்ணி மெதுவா ஓடியிருக்கு. அது மியூட்ல இருந்ததால திரையிலயே வரல. நாள் பூரா எதுனால மெதுவா ஓடுதுன்னு நான் தேடிக்கிட்டே இருந்தேன்."

"சாப்பாட்டுக்கு வரலையேன்னு தோணலையா?"

"வெளிய போய்ச் சாப்பிட்டிருப்பார்னு நினைச்சேன்."

சாயங்காலம் அடுத்த ஷிப்ட் ஆள் வந்து ஏழாம் வரிசை ஏன் திரையில் இல்லை, இன்னும் மியூட்டிலா என்று கேட்ட பிறகுதான் ஓடியிருக்கிறார். தொட்டுப் பார்த்தாராம். உடம்பு சில்லென்று இருந்ததாம். அங்கே எல்லாமே சில்லென்றுதான் இருக்கும், அதனால் எனக்குத் தெரியவில்லை அண்ணி, உயிர் இருக்கிறது என்றே நினைத்துத் தூக்கினேன் என்றார்.

"டிஸ்க்க மாட்டினது யாரு?"

"நான். ஆம்புலன்ஸ் போனதுக்கு அப்புறம். புதுசு பக்கத்துல கிடந்துச்சு, கவர்கூடப் பிரிக்கல. மேல அந்த இடம் திறந்தே இருந்துச்சு. ஏன் மாட்டினேன்னு தெரியல. திறந்து கிடக்கறதப் பாக்க முடியல."

அண்ணனை அனுப்பிவிட்டு ஓட்டையை அடைத்திருக்கிறார்.

விழுந்த உடனேயே உயிர் போயிருக்கும், டாக்டர் அப்படித்தான் சொன்னார், நீங்கள் அதை மட்டும் நம்புங்கள் அண்ணி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கிளம்புங்கள் என்று மட்டும் சொன்னேன். தக்காளி கதவோரம் அப்படியே கிடந்தது. பாப்பா வந்துதான் எடுத்தாள்.

மார்ச் 14, சனி

டாக்டர் சொன்னது உண்மையாக இருந்தால் எனக்கு அது போதும். சாயங்காலம் பார்த்தாலும் காலையில் பார்த்தாலும் ஒன்றுதான் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். வேறு எதுவும் வேண்டாம். இதை நினைத்துக்கொண்டுதான் போனேன்.

ஷிப்ட் மாறும் நேரம். கொழுந்தன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். இருங்கள் என்றேன். கிராஃப் பொண்ணிடம் அந்த நாளை மட்டும் பெரிதாக்கிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். வேண்டாம் அக்கா என்றாள். காட்டு என்றேன்.

ஏழாம் வரிசையில் இருக்கும் டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோடு. மேலே ஒன்று இறங்கிப் படுத்திருந்தது. அது அவர் கழற்றியது. மற்றதெல்லாம் நேராகப் போகிறது. கீழே மட்டும் ஏதோ கொசகொசவென்று இருந்தது.

"இது வேற ஏதோ லூஸ் கனெக்‌ஷன் போல" என்றாள் அவள். "அடித் தட்டுல ஒண்ணு போகுது, வருது. அப்புறம் பக்கத்துல இருக்கறது போகுது, வருது. திரும்பவும் மொதல்ல இருந்தது."

கொழுந்தன் திரைக்குப் பக்கத்தில் வந்தார். விரலை அந்தக் கோட்டின் மேல் வைத்தார். அப்படியே கோட்டோடு நகர்த்திக்கொண்டு போனார்.

"லூஸ் இல்ல" என்றார்.

விரலை அங்கிருந்து எடுக்கவில்லை. நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவரை நான் அதற்கு முன் தொட்டதே இல்லை.

"அடித் தட்டு தரையோட தரையா இருக்கும் அண்ணி. கீழ கிடந்தா கை எட்டும். உள்ள ஃபேன் சத்தத்துல கத்தினா கேக்காது. போனை வாசல்லயே வெச்சுட்டுத்தான் போகணும். டிஸ்க்க இழுத்தா இங்க மணி அடிக்கும். அடிச்சா நான் ஓடி வருவேன். அது அண்ணனுக்குத் தெரியும். நேரமாச்சேன்னு நான் மியூட்ட எடுத்திருப்பேன்னு நினைச்சிருப்பார்."

கிராஃப் பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒண்ண இழுத்து, திரும்பத் தள்ளி, அப்புறம்தான் அடுத்தத இழுத்திருக்காரு. ஒண்ண உள்ள வெக்காம அடுத்ததத் தொட மாட்டார். தொட்டா யாரோட படமாவது போயிரும்னு சொல்லுவார்."

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். நான்தான் கேட்டேனா, என் குரலா அது. அவள் பார்த்துச் சொன்னாள். மத்தியானம் வரை. கடைசியில் இழுத்ததுக்கும் தள்ளினதுக்கும் நடுவில் இடைவெளி அதிகமாகிக்கொண்டே போகிறது. அப்புறம் கோடு நேராகப் போகிறது.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. பஸ்ஸில் வந்திருப்பேன். கையில் டிக்கெட் இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

தட்டியிருக்கார்.

தட்டிக்கிட்டே இருந்திருக்கார்.

*

அன்று காலையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன். துணி துவைத்தேன். மழை வருமா வராதா என்று பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மாவோடு பேசிச் சிரித்தேன். அப்போது அவர் அங்கே ஒன்றை இழுத்து, உள்ளே தள்ளி.

அந்த நேரத்திலும் யாரோ முகம் தெரியாத ஆளின் படம் போய்விடக் கூடாது என்று. அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எல்லாத்தையும் ஒரே இழுப்பா இழுத்துப் போட்டிருக்கலாம்ல. எவன் படமோ போகட்டும்னு விட்டிருக்கலாம்ல. அப்படியே இழுத்திருந்தாலும் மணி அடிச்சிருக்காது. அதுவும் தெரியும். தெரிஞ்சும் கோபம் வருது.

பாப்பா வந்து என்னம்மா என்றாள். தலைவலி என்றேன். தைலம் தேய்த்துவிட்டாள். கை அவர் கை மாதிரியே இருக்கிறது, விரல் நுனி சப்பையாக. தள்ளி உட்காரச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது.

மார்ச் 16, திங்கள்

போகாமல் இருந்துவிடலாம் என்று செருப்பைக் கழற்றினேன். மறுபடி மாட்டிக்கொண்டு போனேன். நான் போகாவிட்டால் இன்றைக்கு அது அழிந்துவிடும். அவர் கூப்பிட்டதற்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தக் கோடு.

மேனேஜர் அறையில் கிராஃப் பொண்ணு, நான். கொழுந்தனும் வந்து கதவோரம் நின்றார். நான் வரச் சொல்லவில்லை.

"பழச அழிக்காதீங்க சார்" என்றேன்.

"இது டெக்னிக்கல் விஷயம்மா. உங்களுக்கு எதுக்கு?"

கிராஃப் பொண்ணு மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். எல்லா வரிசையும் அதில் இருந்தது. அவள் ஒன்றையும் சுட்டிக்காட்டவில்லை. மேனேஜரின் கண் நேராக ஏழாம் வரிசைக்குப் போனது. டிசம்பருக்குப் போனது. அங்கிருந்து ஜன்னலுக்குப் போனது.

இவருக்கும் தெரியும். துக்கம் விசாரிக்க வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது, கஷ்டப்படாமல் போனார் என்று சொன்ன மனுஷன். காபி வாங்கிக் குடித்த மனுஷன்.

"இதக் கிளறி என்னம்மா ஆகப்போகுது" என்றார், மெதுவாக. "போனவர் வரவா போறார். உங்க கொழுந்தன் வேலைதான் போகும். உங்க குடும்பத்துக்காகத்தான் நான் யோசிக்கறேன்."

அப்போதுதான் கொழுந்தன் உள்ளே வந்தார்.

"மியூட் போட்டது நான் சார். எடுக்க மறந்ததும் நான். எழுதிக்கங்க."

"உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

"வேணும் சார். எழுதிக்கங்க."

மேனேஜர் கிராஃப் பொண்ணைப் பார்த்து, சொன்னதைச் செய்யுங்கள், இன்றைக்கே அழித்துவிடுங்கள் என்றார். அவள் மடிக்கணினியை மூடினாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

"அழிச்சிடறேன் சார். ஆனா காப்பி எடுத்து மேலிடத்துக்கு அனுப்பிட்டேன். இன்னொண்ணு எங்க கம்பெனியில இருக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஒரே இடத்துல வெக்கக் கூடாதுன்னுதானே சார் இந்தக் கட்டடத்தையே கட்டி வெச்சிருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் எங்களை வெளியே போகச் சொன்னார்.

நடையில் கொழுந்தன் "அண்ணி" என்றார். நான் திரும்பவில்லை. அவர் ஒப்புக்கொண்டது சரிதான். அதற்காக நான் திரும்ப முடியுமா. என் கழுத்து திரும்பவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

பாப்பாவிடம் சொன்னேன். எவனோ எங்கேயோ வைத்துச் சொல்வதற்கு நான் சொல்வதே மேல். கோடு, டிஸ்க், மணி எல்லாம் சொன்னேன்.

"அப்பா கூப்பிட்டாரா?" என்றாள்.

"கூப்பிட்டார்."

"யாருக்குமே கேக்கலையா?"

"கேக்கல."

எழுந்து போய்ப் புது ஷூவை எடுத்து வைத்துக்கொண்டு கயிறு கோத்தாள். கோத்து முடித்து, அவிழ்த்து, மறுபடி கோத்தாள். சித்தப்பா பெயரை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். என்ன கேட்டாலும் அந்தக் கோட்டைப் பாருங்கள் என்றேன். மேனேஜர் லீவில் இருக்கிறார். லீவு என்றுதான் சொல்கிறார்கள்.

கொழுந்தனைத் திரை பார்க்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு எங்காவது போடட்டுமா என்று கேட்டதற்கு, அண்ணன் பார்த்த வேலையைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாராம். செக்யூரிட்டி சொன்னார். கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தண்டனையா, பிராயச்சித்தமா, இல்லை அந்த இடத்தை விட்டுப் போக முடியவில்லையா. அவருக்கே தெரிந்திருக்காது.

மார்ச் 31, செவ்வாய்

கிராஃப் பொண்ணுக்கு இன்று கடைசி நாள். போகும் முன் புது ஏற்பாட்டைக் காட்டினாள். இனிமேல் மியூட் போட்டால் எப்போது முடியும் என்றும் சேர்த்துப் போட வேண்டும். போடாவிட்டால் மெஷின் ஒத்துக்கொள்ளாது. முடியும் நேரத்தில் டிஸ்க் உள்ளே போயிருக்காவிட்டால் மணி அடிக்கும். இங்கிருந்து நிறுத்த வழி கிடையாது. போய் ஆளைப் பார்த்து, டிஸ்க் உள்ளே போனால்தான் நிற்கும். மியூட்டில் இருக்கிற வரிசையும் திரையில் தெரிந்துகொண்டே இருக்கும், சாம்பல் நிறத்தில்.

இதெல்லாம் எல்லா இடத்திலும் இருக்கிற சாதாரண விஷயம் அக்கா, இங்கே மட்டும் ஏன் இல்லை என்றுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை என்றாள். சாதாரண விஷயம் என்ற வார்த்தை எனக்குள் முள் மாதிரி நின்றுவிட்டது.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். டீத் தோட்டத்துக்கு மன்னிச்சிருங்கக்கா என்றாள். நீ அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் குனிந்து தேதியைப் பார்த்தே இருக்க மாட்டேன் என்றேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

மணி இன்று அடிக்கவில்லை. அடிக்காதது நல்லதா என்று ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்க் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 8, புதன்

காலையில் கொழுந்தன் உள்ளே போனார். வாசலில் போனை வைத்துவிட்டு என் அறைப் பக்கம் கையைக் காட்டினார். ஏழாம் வரிசை. மியூட் போட்டேன், முடியும் நேரமும் போட்டேன். வரிசை சாம்பல் நிறமானது. அதைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

நேரம் முடிந்தது. மணி அடித்தது.

இப்படி ஆனால் செக்யூரிட்டியை அனுப்ப வேண்டும் என்றுதான் நான் முன்பே நினைத்து வைத்திருந்தேன். அந்த வரிசைக்குள் நான் இதுவரை கால் வைத்ததில்லை. செக்யூரிட்டி கேட்டில் இல்லை. சிகரெட் பிடிக்கப் போயிருப்பார். நான் நாற்காலியை எப்போது தள்ளினேன், கதவை எப்போது திறந்தேன் என்று தெரியாது. ஹாலுக்குள் காற்று மூஞ்சியில் அடிக்கிறது. என் காலடிச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று பலகையைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஏழில் திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அடித் தட்டில் ஒரு கொக்கி மாட்டிக்கொண்டிருந்தது. அதை நெம்பிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை, அந்தக் குளிரிலும். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"கொக்கி சிக்கிக்கிச்சு அண்ணி" என்று கத்திச் சொன்னார். "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். மணி அடிக்குதா?"

"அடிக்குது."

"எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க போங்க. சத்தம் எல்லாரையும் தொந்தரவு பண்ணும்."

"அடிக்கட்டும்" என்றேன்.

கோட்டைப் பார்த்த அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவரிடம் நானாகப் பேசிய பேச்சு இதுதான். மெஷினில் ஒரு கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். உள்ளே திரும்பத் திரும்ப ஏதோ சுற்றும் அதிர்வு உள்ளங்கை வரை வந்தது. அவர் குனிந்து நெம்பினார். கொக்கி விட்டது. டிஸ்க்கை உள்ளே தள்ளினார். விளக்கு முதலில் மஞ்சள், பிறகு பச்சை. வெளியே மணி நின்றுவிட்டது என்று செக்யூரிட்டி வந்து கையாட்டிச் சொன்னார்.

நான் முன்னால் நடந்தேன். அவர் பின்னால் வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு அவர் வெளியே வரும்வரை நின்றேன்.